மே மாதத்து ஏரியும் தூண்டில் முள்ளும்

ஒரு பகல் முழுவதும் வேலை எதுவுமின்றித் தண்ணீரின் நடுவே அமர்ந்திருப்பது நல்லதென்று ஒப்புக்கொள்ளும் பலரும், கையில் கோலும் அதன் நுனியில் முள்ளும் இல்லாவிட்டால் அந்தப் பகலில் பாதியைக்கூடப் படகில் கழிக்கமாட்டார்கள். பிடிபடும் மீனின் விலையைப் போலப் பல மடங்கு செலவழித்து, விடுப்பெடுத்து, தூறலிலும் குளிர்காற்றிலும் நனைந்து ஏரிக்குள் போகிறவருக்கு வேண்டியது மீன்தானா, மீனைச் சாக்கிட்டுக் கிடைக்கும் வேறொன்றா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. பொழுதுபோக்குத் தூண்டிலைப் பற்றிய ஆங்கில நூல்களில் பெரும்புகழ் பெற்றதான ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' 1653-இல் வெளிவந்தபோது, அதன் துணைத்தலைப்பே இதைச் சிந்தனையில் ஆழும் மனிதருக்குரிய பொழுதுபோக்காக அறிவித்தது. சிந்தனைக்கு முள் எதற்கு என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா.

அயர்லாந்தின் மேற்கில் கால்வே, மேயோ மாவட்டங்களில் ஏறத்தாழ 176 சதுர கிலோமீட்டர் பரந்துகிடக்கும் காரிப் ஏரி இவ்வினாவை வைத்துப் பார்ப்பதற்குத் தகுந்த இடம். அதன் தென்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் ஆழமின்றி விரிந்திருக்கிறது. சுண்ணாம்பு கரைந்த நீரில் நத்தையும் பூச்சியும் செழிப்பதால் அவற்றைத் தின்னும் பழுப்பு டிரவுட் மீன்கள் நன்கு கொழுக்கின்றன. நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்கு அறிமுகமான ரெயின்போ டிரவுட் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வேறு இனம். காரிப்பின் டிரவுட்டைப் பிடிக்க உரிமக் கட்டணம் கிடையாது. 1980-களின் இறுதியில் அரசு அத்தகைய கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்தபோது மேற்கு ஏரிகளின் தூண்டிற்காரர்கள் கட்ட மறுத்துப் பெரும் போராட்டம் நடத்தினர். முடிவில் அரசுதான் பின்வாங்கியது. ஓய்வுநேரப் பழக்கம் ஒன்றுக்காக ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள் என்றால் அது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

அங்கு வசந்தத்தின் உச்சம் மே மாதம். அப்போதுதான் மே ஈ எனப்படும் பூச்சி நீரை விட்டு எழுகிறது. பெயரில் ஈ இருந்தாலும் அது வீட்டு ஈயின் இனமன்று. ஒளி ஊடுருவும் நிமிர்ந்த இறக்கைகளும், நூல்போன்ற மூன்று வால்களும் கொண்ட தனி வரிசையைச் சேர்ந்தது. சிறகு முளைத்த பின் வாயும் குடலும் பயனற்றுப்போக, உண்ணாமல் ஓரிரு நாளில் இணைந்து, முட்டையிட்டு மடிகிறது. வாழ்வின் நிலையாமைக்கு இதைச் சான்று காட்டாத நீதியாசிரியர் குறைவு. உண்மையில் அந்தப் பூச்சி அதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏரியடிச் சேற்றில் வளைதோண்டி, உண்டு, தோலுரித்து, நிறைவாக வாழ்ந்திருக்கிறது. மனிதர் கண்ணுக்குத் தெரிந்த பகுதியை மட்டும் வாழ்க்கையென எண்ணி இரங்குவது அந்தப் பூச்சிக்குச் செய்யும் நியாயமன்று.

இப்பூச்சியை உயிருடன் முள்ளில் கோத்து நீர்ப்பரப்பின் மேல் தவழவிடுவதே 'டேப்பிங்' என்ற பழைய முறை. கரையோர ஹாதார்ன் முட்செடிகளிலும், தீவுகளின் காற்று மறைவான பக்கத்திலும் இலையடியில் ஒட்டியிருக்கும் மே ஈக்களைச் சிறுவர்கள் பொறுக்கி விற்பதும், அவற்றை இலைக்கொத்துடன் சிறு மரப்பெட்டியில் அடைத்துப் படகில் எடுத்துச் செல்வதும் அவ்வட்டாரத்தின் மே மாத வழக்கங்கள். தூண்டிற்கோல் பதினைந்து அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. நரம்பில் ஒரு பகுதி முறுக்கில்லாத பட்டிழை, எடையற்றதாகையால் காற்று அதைத் தூக்கிப் படகுக்கு முன்னே நீட்டிப் பிடிக்கும். தூண்டிற்காரர் வீசுவதில்லை, கோலை உயர்த்திக் காற்றிடம் ஒப்படைக்கிறார், அவ்வளவுதான். மெல்லிய தென்மேற்குக் காற்றும் மேகமூட்டமும் சிற்றலையும் கூடிய நாளே நல்ல நாள். சுற்றுலாப் பயணி விரும்பும் பளிங்குபோன்ற அமைதியான ஏரி இவர்களுக்குப் பாழான ஏரி. காற்றின் மேற்புறம் சென்று எஞ்சினை நிறுத்திப் படகைக் குறுக்காகத் திருப்பிவிட்டால், அது பக்கவாட்டிலேயே ஆழமற்ற பாறைத் திட்டுகளின் மேல் மெல்ல மிதந்து போகும். 'கில்லி' எனப்படும் படகோட்டி ஒற்றைத் துடுப்பை அவ்வப்போது நீரில் இட்டு அதன் போக்கைத் திருத்துவார்.

மீன் எழும் கணத்தில்தான் இம்முறை தன் கடுமையைக் காட்டுகிறது. நீர் குமிழ்கிறது, பூச்சி மறைகிறது, உடனே கோலை இழுக்கத் தோன்றும். இழுத்தால் மீன் போய்விடும். டிரவுட் பல வேளைகளில் பூச்சியை முதலில் நீருக்குள் அமிழ்த்திவிட்டுப் பிறகே வாயில் கொள்கிறது என்று அனுபவசாலிகள் விளக்கம் தருவர். ஆகவே கோல்நுனியைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிட்டு, ஓரிரண்டு மூச்சு பொறுத்து, அதன் பின்னரே நிமிர்த்த வேண்டும். காலையிலிருந்து காத்திருந்தவர், காத்திருந்தது வந்தபின்னும் இன்னும் சற்றுக் காத்திருக்கக் கடமைப்பட்டவர்.

இங்கேதான் முள்ளின் பயன் விளங்குகிறது. அதே ஏரியில் உல்லாசப் படகில் செல்பவர் மலையையும் வானத்தையும் பார்த்துப் படமெடுத்து, கால்மணி நேரத்தில் சலிப்படைகிறார். தூண்டிற்காரரோ காற்று ஒரு விரற்கடை திசைமாறுவதையும், அலையினூடே எண்ணெய்ப் படலம்போல் மழுங்கிக் கிடக்கும் ஒரு கீற்றில் மடிந்த பூச்சிகள் திரள்வதையும், ஆலாப் பறவைகள் எந்தத் துறையின் மேல் தாழ்ந்து பறக்கின்றன என்பதையும் மணிக்கணக்கில் கவனிக்கிறார். ஏதோ ஒன்று எந்நேரமும் நிகழக்கூடும் என்ற எதிர்பார்ப்பே அவருடைய கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலோருக்குக் கவனம் தானாக வருவதில்லை. பணயமாக எதையாவது வைத்தால்தான் வருகிறது. இதில் பணயம் வைக்கப்படுவது மீனின் வாய் என்பதுதான் சிக்கல்.

மீனுக்கு வலிக்காது என்ற பழைய ஆறுதல் இப்போது அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. 2003-இல் லின் ஸ்னெடனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட ரெயின்போ டிரவுட்கள் உடலை அசைத்தாட்டியதும், உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்ததும், இரையெடுக்க வெகுநேரம் தாமதித்ததும் பதிவாயின. இது வலியை உணர்வதாகுமா, வெறும் அனிச்சைச் செயலா என்ற விவாதம் ஓயவில்லை. எனினும் தன் இன்பத்துக்காக முள்ளை எறிபவர் ஐயத்தின் பலனை மீனுக்கல்லவா அளிக்க வேண்டும்? மீனை உயிருடன் திரும்ப விட்டுவிடுவதே இதற்கு விடை என்று இன்று பலர் நம்புகின்றனர். மீன்வளத்தைக் காப்பதற்கு அது உதவுகிறது என்பதில் தடையில்லை. ஆனால் வலியே கேள்வியாக இருக்கும்போது, உண்பதற்கு இரண்டைக் கொன்று கோலைச் சுருட்டுகிறவரைவிட, மாலைவரை இருபதைப் பிடித்து இருபதையும் விடுகிறவர் கருணையாளர் என்று சொல்வதற்கில்லை. முன்னவர் ஓர் உணவுக்கு விலை கொடுக்கிறார், பின்னவர் அதே விலையை வேறோர் உயிரின் கணக்கில் எழுதித் தன் பொழுதை வாங்குகிறார். சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, திரும்ப விடும் நோக்கத்துடனேயே மீன்பிடிப்பதைத் தடைசெய்ததும் இந்தத் தர்க்கத்தின்படியே. ஆயினும் சிறுமீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்ற அளவு விதி டிரவுட் ஏரிகள் பலவற்றில் இருப்பதால், உண்பதற்கே பிடிப்பவரும் விடுவதிலிருந்து முற்றிலும் தப்ப முடியாது.

படகில் இன்னொருவர் இருப்பதை இத்தகைய விவாதங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. கில்லிக்கு அது கூலிக்கு வந்த நாள். அவர் கையில் தூண்டில் இல்லை. நீருக்கடியில் எந்தப் பாறை எவ்விடத்தில் முகடு தட்டுகிறது, எந்தத் தீவின் மறைவில் மதிய உணவுக்குச் சுள்ளி கிடைக்கும், மழை எந்த மலையைத் தாண்டினால் ஏரிக்கு வந்துசேரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மீன் எழுவதை முதலில் காண்பவரும் பல நேரம் அவரே. கவனத்துக்கு முள் தேவையில்லை என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவருடைய கண்ணும் சிறுவயதில் அதே ஏரியில், அதே முள்ளை வைத்துப் பழகியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.