அச்சமும் அறமும்

1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு, இராசீவ் காந்தியோடு வேறு பலரையும் மாய்த்தது. கொடுஞ்செயல், கண்டிக்கிறோம். ஆனால், அரசு செய்தது என்ன? காவல் கண்காணிப்பாளரிடம் தந்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கும் தடாச் சட்டத்தின்கீழ் வழக்கை நடத்தியது. 1998-இல் 26 பேருக்கும் தூக்கு! 1999-இல் உச்சநீதிமன்றமோ, தடா இவ்வழக்கிற்குப் பொருந்தாது என்றது. 19 பேரைக் கொலைக்குற்றத்தினின்று விடுவித்தது. அந்த ஒரு மேல்முறையீடும் இல்லாதிருந்தால்?

2022-இல் விடுதலையானோருள் நால்வர், அயல்நாட்டார் என்ற காரணத்தால், திருச்சியிலுள்ள சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். சிறை முடிந்தும் தாழ்ப்பாள் திறக்கவில்லை!

தோழர்களே, குண்டு ஆட்களைக் கொல்லும். மக்களாட்சியைக் கொல்ல அதனால் ஆகாது. அச்சத்தால் நாமே அறத்தைக் கைவிட்டாலன்றி அது மாளாது. குற்றவாளிக்கும் நேர்மையான நீதி கேட்போம்!