அச்சத்தின் நான்காம் நிலைக்களன்: திகில் விளையாட்டுகளின் கோரவுருக்களும் அறப்பொறுப்பும்

முன்னுரை

அஞ்சுதல் உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொது. அஞ்சத்தக்க ஒன்றைத் தானே படைத்து, அதன்முன் தானே சென்று நிற்பது மாந்தர்க்கே உரியது. கூத்திலும் கதையிலும் திரைப்படத்திலும் நிகழ்ந்துவந்த இது, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வீடியோ விளையாட்டுகளிலும் இடம்பெறத் தொடங்கியது. 1989இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்வீட் ஹோம்’, 1992இல் பிரான்சில் உருவான ‘அலோன் இன் த டார்க்’ ஆகியவற்றைத் தொடர்ந்து, 1996இல் கேப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. ‘சர்வைவல் ஹாரர்’ என்னும் வகைப்பெயர் இதனோடுதான் பரவலாயிற்று. பகைவரை வெல்வதைவிட அவரிடமிருந்து உயிர்தப்புவதே இவ்வகையில் முதன்மை பெறும். துப்பாக்கி இருப்பினும் குண்டுகள் சிலவே. காயம்பட்டால் மருந்து அரிது. கதவுக்கு அப்பால் இருப்பது இன்னதென்று தெரியாது.

இவ்விளையாட்டுகளில் எந்தக் கோரவுரு மிகவும் அஞ்சத்தக்கது என்னும் வினா ஆடுவோரிடையே ஓயாது எழுவதாகும். உருவத்தின் விகாரம், உடல்வலிமை, திடீரெனத் தோன்றும் திறம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. இவ்வினா அழகியல் சார்ந்தது மட்டுமன்று, அறவியல் சார்ந்ததும் ஆகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அச்சப் பகுப்பைத் துணைக்கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்ணையும் அச்சமும்

மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா, மெய்ப்பாடுகளுக்குரிய முப்பத்திரண்டு பொருள்களையும் ‘பண்ணை’யில் தோன்றியவை என்கிறது. பண்ணை என்னும் உரிச்சொல்லுக்கு விளையாட்டு என்னும் பொருளை உரியியல் தருகிறது. பழங்காலத்து ஆடற்களமும் இன்றைய கணினித் திரையும் ஒன்றல்ல. எனினும் உணர்ச்சியின் இயல்பை அறிதற்கு விளையாட்டு ஏற்ற களம் என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பது இங்குக் கருதத்தக்கது.

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இவற்றுள் முதல் மூன்றும் அஞ்சுவோர் மீது குற்றம் ஏதும் இல்லாதபோதும் வந்து தாக்கக்கூடியவை. வழியிற் செல்வோர் குற்றமுடையவரா என்பதைப் புலி ஆராய்வதில்லை, கள்வரும் ஆராய்வதில்லை. நான்காவதாகிய இறை அவ்வாறன்று. தண்டிக்கும் உரிமையுடையோர் முன் நிற்கும்போது, தான் செய்தது யாது என்னும் நினைவும் அஞ்சுவோரிடம் உடன் எழுகிறது. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

முதல் மூன்று நிலைக்களன்கள்

விலங்கச்சத்திற்கு இவ்வகை விளையாட்டுகளில் எடுத்துக்காட்டுகள் மிகுதி. ‘ரெசிடென்ட் ஈவில்’ முதற்பகுதியில் அமைதியான நடைக்கூடத்தின் சன்னல்களை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும் காட்சி ஆடியோர் பலராலும் நினைவுகூரப்படுவது. 2014இல் வெளிவந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ இவ்வச்சத்தை நுட்பமாக வளர்த்தெடுத்தது. அதில் ஆடுபவர் இருக்கும் இடத்தை அறிந்த ஒரு மேல்நிலைக் கட்டுப்பாட்டு நிரல் உண்டு. அது வேற்றுலக உயிரியை ஏறத்தாழ ஒரு பகுதிக்கு மட்டுமே செலுத்தும். அதன்பின் அவ்வுயிரி தன் கண்ணாலும் செவியாலும் தேடியே ஆடுபவரைக் கண்டறிய வேண்டும். தேடப்படுகிறோம் என்னும் உணர்வு இதனால் இடையறாது நிலைக்கிறது. அங்கு அஞ்சுவது இரை விலங்கின் அச்சமாகும். அதில் அறக்கேள்விக்கு இடமில்லை.

மறைந்திருந்து தாக்கும் மனிதரால் வரும் அச்சத்தைக் கள்வரச்சத்தின்பாற் படுத்தலாம். 1995இல் வெளிவந்த ‘கிளாக் டவர்’ விளையாட்டில் பெருங்கத்தரிக்கோலுடன் துரத்தும் உருவம் இதற்குச் சான்று. கதைத்தலைவியான சிறுமியிடம் ஆயுதம் இல்லை. ஓடுவதும் ஒளிவதுமே அவளுக்கு இயலும்.

அணங்கச்சம் 2001இல் வெளிவந்த ‘ஃபேட்டல் ஃப்ரேம்’ விளையாட்டில் சிறப்பாக அமைந்துள்ளது. ஆவிகளை விலக்கும் கருவி அதில் ஒரு பழைய ஒளிப்படப் பெட்டி. கண்ணை மூடிக்கொள்ள விரும்பும் நொடியிலேயே ஆவியை நேரே நோக்கியாக வேண்டும் என்பது அதன் விதி. அங்கு அச்சுறுத்தும் கிரியே என்பவள் சடங்கொன்றிற்குப் பலியிடப்பட்ட பெண். அச்சத்தோடு இரக்கமும் எழும் இந்த இடத்திலேயே அறக்கேள்வி தொடங்கிவிடுகிறது.

கோரவுருவும் பொறுப்பும்

‘ரெசிடென்ட் ஈவில்’ 2002இல் புத்துருவாக்கம் செய்யப்பட்டபோது லிசா டிரெவர் என்னும் பாத்திரம் சேர்க்கப்பட்டது. அவள் அம்மாளிகையை வடிவமைத்த கட்டடக்கலைஞரின் மகள். சிறுமியாக இருந்தபோது பிடிக்கப்பட்டு, பல ஆண்டுகள் நச்சுயிரி ஆய்வுகளுக்கு உட்படுத்தப்பட்டவள். கைவிலங்குடன் முனகியபடி அலையும் அவ்வுருவம் ஆடுபவரைக் கொல்லக்கூடியது, துப்பாக்கிக்கு வீழாதது. ஆனால் அவள் தேடுவது தன் தாயை. தாயின் மண்டையோட்டைக் கண்டதும் அதனை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்துவிடுகிறாள்.

இங்குக் கோரம் யாருடையது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. அஞ்சத்தக்க வடிவம் அவளுடையது. அஞ்சத்தக்க செயல் ஆய்வு நடத்திய நிறுவனத்துடையது. நோயல் கேரல் 1990இல் வெளியிட்ட ‘திகிலின் மெய்யியல்’ என்னும் பொருள்படும் நூலில், கோரவுரு என்பது ஆபத்தும் தூய்மைக்கேடும் ஒருங்கே உடையது, பண்பாட்டின் வகைப்பாடுகளை மீறுவது என விளக்கினார். அவ்விளக்கம் லிசாவின் தோற்றத்திற்குப் பொருந்தும். அவளை அவ்வாறு ஆக்கியோர்க்கோ அது பொருந்துவதில்லை. அவர்கள் வகைப்பாடு எதையும் மீறாத தோற்றமுடைய மனிதர்கள். தோற்றத்தை மட்டும் அளக்கும் அச்சம், குற்றவாளியை விட்டுவிட்டுக் குற்றத்திற்கு ஆளானவளைச் சுட்டிக்காட்டுகிறது. ஒருவரைக் கோரவுரு எனப் பெயரிடுதல் பொறுப்பை இடம்மாற்றும் செயலாகவும் அமையக்கூடும் என்பது இதனால் புலனாகும்.

நான்காம் நிலைக்களன்

2001இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘சைலன்ட் ஹில் 2’ இச்சிக்கலை வேறொரு திசையிலிருந்து அணுகியது. ஜேம்ஸ் சண்டர்லாண்ட் என்பவனுக்கு அவன் மனைவி மேரியிடமிருந்து மடல் வருகிறது. அவள் மூன்றாண்டுகளுக்கு முன்பு நோயால் இறந்துவிட்டாள் என்பது அவன் நினைவு. மடல் அழைத்த ஊருக்கு அவன் செல்கிறான். பனிமூட்டம் சூழ்ந்த அவ்வூரில் அவனைத் தொடரும் உருவங்களுள் தலையாயது ‘பிரமிட் ஹெட்’. மசாஹிரோ இட்டோ வடிவமைத்த இவ்வுருவத்தின் தலையை முகம் தெரியாதவாறு ஒரு பெரிய இரும்புக் கூம்பு மூடியிருக்கும். கையில் தூக்குதற்கரிய பெருங்கத்தியைத் தரையில் இழுத்துக்கொண்டு மெல்ல நடக்கும். அதன் வடிவம் அவ்வூரின் பழைய கொலைத்தண்டனை நிறைவேற்றுவோரின் ஓவியத்தோடு கதையில் இணைக்கப்பட்டுள்ளது.

இவ்வுருவம் விரைந்து ஓடுவதில்லை, பேசுவதுமில்லை. முதல் மோதலில் அதனைக் கொல்ல இயலாது. ஆபத்தொலி எழுந்ததும் தானே படியிறங்கிச் சென்றுவிடுகிறது. மேரியின் சாயலில் வரும் மரியா என்னும் பெண்ணை ஜேம்ஸின் கண்முன்னே அது கொல்கிறது. அவள் மீண்டும் உயிரோடு தோன்றுகிறாள், மீண்டும் இறக்கிறாள். மறக்க முயன்ற ஒன்று அவன்முன் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டப்படுகிறது.

ஏரிக்கரை விடுதி அறையில் ஒரு நிகழ்படத்தைக் காணும்போது உண்மை வெளிப்படுகிறது. நோயுற்ற மேரியைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் ஜேம்ஸே. அவளுடைய துன்பம் முடிய வேண்டும் என்பதும், தன் வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அவன் உள்ளத்தில் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன. அதன்பின் இரண்டு பிரமிட் ஹெட்டுகள் முன் நிற்கும் அவன், தன்னைத் தண்டிக்க ஒருவர் வேண்டியிருந்ததை ஒப்புக்கொள்கிறான். மோதலின் முடிவில் அவை தம் ஈட்டிகளால் தம்மையே மாய்த்துக்கொள்கின்றன. அவற்றை வென்றது ஆயுதம் அன்று. அவற்றின் தேவை நீங்கிற்று.

இதனை நான்காம் நிலைக்களனின் தூய வடிவம் எனலாம். முன்னர்க் கண்டவை யாவும் புறத்திலிருந்து வருவன. பிரமிட் ஹெட்டோ அஞ்சுபவனாலேயே வரவழைக்கப்பட்ட இறை. இப்பொருள் நீங்கியவிடத்து அச்சமும் நீர்த்துப்போவதைப் பின்வந்த ஆக்கங்கள் காட்டுகின்றன. 2006ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் 2008இல் வந்த ‘சைலன்ட் ஹில்: ஹோம்கமிங்’ விளையாட்டிலும், ஜேம்ஸ் இல்லாத கதைகளில் இவ்வுருவம் இடம்பெற்றது. அங்கு அதன் வலிமை குறையவில்லை. அது யாருடைய குற்றத்தின் உரு என்பது மட்டும் இல்லாமற்போயிற்று. எஞ்சியது அச்சுறுத்தும் ஓர் ஓவியமே.

இறையின் மறுமுகம்

குற்றமுடையோர்க்கே அச்சம் என்று இதனைப் பொதுமையாக்குதல் பிழையாகும். அதே ஊரில் ஏஞ்சலா என்னும் இளம்பெண்ணும் அலைகிறாள். அவள் தன் தந்தையின் கொடுமைக்கு ஆளானவள். அவள் எதிர்கொள்ளும் கோரவுரு அக்கொடுமையின் நினைவிலிருந்து எழுந்தது. லாரா என்னும் எட்டு வயதுச் சிறுமியோ அவ்வூரில் தடையின்றி உலவுகிறாள். அவளுக்குக் கோரவுரு எதுவும் தென்படுவதில்லை.

லாராவையும் ஜேம்ஸையும் மட்டும் ஒப்பிட்டால், குற்றமற்ற உள்ளத்திற்கு அச்சமில்லை என்னும் எளிய நீதி கிடைத்துவிடும். ஏஞ்சலா அந்நீதியை உடைக்கிறாள். காக்க வேண்டிய இறையே கொடுமை செய்யுமிடத்து, அச்சம் குற்றமற்றவரையும் பற்றுகிறது. தான் குற்றவாளி என்னும் பொய்யுணர்வையும் அது அவர்மீது ஏற்றிவிடுகிறது. ஆள்வோர் அஞ்சத்தக்கன செய்தல் ஆகாது என வலியுறுத்த வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ எனத் தனி அதிகாரமே வகுத்தது இங்கு நினைக்கத்தக்கது. எனவே நான்காம் அச்சம் இருவகைப்படும்: குற்றம் செய்தோர் நீதியின்முன் அஞ்சுவது ஒன்று, குற்றமற்றோர் நெறிதவறிய அதிகாரத்தின்முன் அஞ்சுவது மற்றொன்று. அஞ்சுவோரின் மெய்யில் தோன்றும் நடுக்கம் இரண்டிலும் ஒன்றே. அந்நடுக்கத்தை மட்டும் கண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் துணிதல் அறமன்று.

ஆடுபவரின் பங்கு

திரைப்படம் காண்போர் பிறரது செயலைக் காண்கின்றனர். விளையாட்டில் செயல் ஆடுபவரின் கைவழி நிகழ்கிறது. ‘சைலன்ட் ஹில் 2’ இவ்வேறுபாட்டை அறப்பொருளாக்கியுள்ளது. அதன் முடிவுகள் பல. காயத்தை உடனே ஆற்றிக்கொள்கிறாரா, ஏஞ்சலாவின் கத்தியை எடுத்துப் பார்க்கிறாரா, மேரியின் படத்தை நோக்குகிறாரா, மரியாவை விட்டு அகலாதிருக்கிறாரா என்பன போன்ற சிறு நடத்தைகளை விளையாட்டு கணக்கில் கொள்கிறது. ஆடுபவர் அதனை அறியார். தேர்வு எனத் தோன்றாத செயல்களே தீர்ப்பைத் தருகின்றன. அறவாழ்விலும் பெருமுடிவுகளைவிடக் கவனியாத பழக்கங்களே மனிதரைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதற்கு இது பொருத்தமான உருவகமாகும்.

சுவீடனில் உருவாகி 2010இல் வெளிவந்த ‘அம்னீசியா: த டார்க் டிசென்ட்’ இதே வினாவை மறதியின் வழி எழுப்புகிறது. அதன் தலைவன் டேனியல் நினைவிழந்து ஒரு கோட்டையில் விழிக்கிறான். அவனிடம் ஆயுதம் இல்லை. கோரவுருவை உற்றுநோக்கினால் அவன் அறிவு கலங்கும். ஆடுபவர் அவனை இரங்கத்தக்கவனாகவே கருதி நடத்திச் செல்கிறார். பின்னரே, அக்கோட்டையில் மனிதர்களை வதைத்த செயல்களில் அவனுக்கும் பங்கு உண்டு என்பதும், அதனை மறக்கத் தானே மருந்துண்டான் என்பதும் தெரியவருகின்றன. நினைவை அழித்தல் பொறுப்பை அழித்தல் ஆகாது என்பதை இருட்டும் காலடியோசையும் கொண்டு இவ்விளையாட்டு உணர்த்துகிறது.

தண்டனையச்சமும் தீவினையச்சமும்

ஜேம்ஸின் கோரவுரு நீதியின் உருவமா என்னும் வினா இறுதியாக எஞ்சுகிறது. மேலோட்டமாக நோக்கின் அவ்வாறே தோன்றும். ஆயின் தன்னைத் துரத்தும் ஒருவனைப் படைத்துக்கொண்டவன், ஓடிக்கொண்டிருக்கும் வரையில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. தண்டனையின் வலி, செய்த செயலை அறிவதிலிருந்து அவனுக்கு ஒரு புகலிடமாகவும் அமைந்துவிடுகிறது. ஜேம்ஸ் கத்திக்கு அஞ்சினான், தலையணையை நினைக்கவில்லை.

திருக்குறளின் அறத்துப்பாலில் ‘தீவினையச்சம்’ என்னும் அதிகாரம் உள்ளது. அத்தலைப்பு தண்டிப்போரை அஞ்சுக எனக் கூறவில்லை. தீவினையையே அஞ்சுக என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. தண்டனையை அஞ்சுவோர்க்குத் தண்டிப்பவர் இல்லாதபோது அச்சம் நீங்கிவிடும். தீவினையை அஞ்சுவோர்க்குத் தாம் பிறர்க்கு இழைத்தது யாது என்பதே கண்முன் நிற்கும். முன்னதில் அஞ்சுவோர் தம்மையே எண்ணுகின்றனர். பின்னதில் துன்புற்றவரை எண்ணுகின்றனர். ஜேம்ஸின் கதை முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிய நகர்வாகும். கூம்புத்தலை உருவங்கள் மறைந்தபின் அவனுக்கு எஞ்சுவது மேரி மட்டுமே. அங்குக் கோரவுருவுக்கு வேலையில்லை. எனினும் அவனுக்கு மன்னிப்பு உறுதி செய்யப்படவும் இல்லை.

முடிவுரை

திகில் விளையாட்டுகளின் கோரவுருக்களுள் மிகவும் அஞ்சத்தக்கது எது என்னும் வினாவுக்கு, உருவத்தின் விகாரம் போதிய விடை ஆகாது. அணங்கும் விலங்கும் கள்வரும் தரும் அச்சம் கருவியை நிறுத்தியதும் நீங்கக்கூடியது. லிசா டிரெவர் தரும் அச்சம், கோரத்தை ஆக்கியோர் யார் என்னும் கேள்வியாக மாறுகிறது. ஏஞ்சலாவின் அச்சம் அஞ்சுவோர் யாவரும் குற்றவாளியர் அல்லர் என எச்சரிக்கிறது. பிரமிட் ஹெட் தரும் அச்சமோ ஆடுபவரைத் தன்னையே வினவச் செய்கிறது. 2024இல் ‘சைலன்ட் ஹில் 2’ புத்துருவாக்கம் பெற்று வெளிவந்தது, முதல் ஆக்கத்திற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வினா ஓய்ந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. செய்த செயலை அச்செயலின் பெயராலேயே அழைக்க மறுக்கும் காலம் வரையில், அதற்கு வேறோர் உருவமும் வேறொரு பெயரும் தேவைப்படுகின்றன. கோரவுரு என்பது பெரும்பாலும் அவ்வாறு தரப்பட்ட மாற்றுப்பெயரே எனலாம்.