தீண்டாததை விலக்கும் விரதம்

பங்குனி உத்திரத்தையொட்டி அந்தமான் சென்றிருந்தேன். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்திருந்த நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படுகிறது. அங்கே அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டுக்கு அருகில் கடை வைத்திருக்கும் தமிழன்பர் ஒருவர் ஒரு விண்ணப்பத்துடன் வந்தார்.

"சுவாமிஜி, பையனுக்குப் பதினான்கு வயது. இதுவரை எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. வருவதற்கு முன்னாலேயே அவனிடம் ஒரு சத்தியம் வாங்கிக் கொடுங்கள். முருகன் சந்நிதியிலேயே வாங்கிவிடலாம். ஆயுள் முழுவதும் தொடமாட்டேன் என்று அவன் சொல்ல வேண்டும்."

அவரது அச்சம் வீணானதல்ல. 2019 செப்டம்பரில் கார் நிக்கோபாருக்கு அருகே ஒரு கப்பலில் 1,160 கிலோ கெட்டமைன் பிடிபட்டது. 2024 நவம்பரில் பாரன் தீவுக்கு அருகே ஒரு மியான்மர் படகிலிருந்து கடலோரக் காவல் படை கைப்பற்றிய மெத்தாம்பெட்டமைன் ஏறக்குறைய ஆறாயிரம் கிலோ. மது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதனால் துன்புற்று உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் 5.7 கோடிப் பேர் என்றும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்றும் 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு கூறுகிறது. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தத் தந்தையும் இருக்க முடியாது.

ஆயினும் அவரது விண்ணப்பத்தை உடனே ஏற்க என் மனம் இசையவில்லை. இன்னும் தீண்டாத ஒன்றை விலக்குவதாக ஒரு சிறுவன் செய்யும் சங்கல்பத்துக்கு என்ன மதிப்பு? தந்தை சொல்லச் சொல்லி மகன் சொன்னால் அது யாருடைய சங்கல்பம்?

இத்தகைய சங்கல்பங்களுள் நம் நாடு நன்கறிந்தது 1888-இல் எடுக்கப்பட்டது. இங்கிலாந்து செல்லவிருந்த பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தியிடம் மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்ற உறுதிமொழியை அன்னை புத்லிபாயின் விருப்பப்படி பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி பெற்றார். அந்த இளைஞர் ஒன்றும் அறியாத பாலகர் அல்லர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நண்பனுடன் ரகசியமாக மாமிசம் உண்டவர், புகைத்தும் பார்த்தவர். பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்ததே அவரை உறுத்தியது. லண்டனில் பட்டினி கிடந்த நாட்களிலும் அவரைக் காத்தது மாமிசத்தின் தீமை பற்றிய அறிவன்று, அன்னைக்குக் கொடுத்த வாக்கு. பின்னர் ஹென்றி சால்ட் எழுதிய நூலைப் படித்த பிறகே அவர் தாமாகத் தேர்ந்து சைவ உணவினர் ஆனார். அன்னைக்கு வாக்களித்த நாளையும் வாழ்த்தினார். முதலில் வாக்கு வந்தது, விவேகம் பிறகு வந்தது. விவேகம் வந்து அமரும் வரை அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளாமல் வாக்கு காத்து நின்றது. விரதத்தின் வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அதே 1888-இல் பிறந்த அவரது மூத்த மகன் ஹரிலால் குடியால் சீரழிந்து, தந்தை மறைந்த 1948-லேயே மறைந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. தந்தை காத்த விரதம் மகனுக்குச் சொத்தாகச் சென்று சேரவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே நேர்ந்த மனமுறிவின் கதை நீண்டது. அதில் எவரையும் குற்றம் சாட்டும் தகுதி நமக்கில்லை.

அச்சமூட்டித் தடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நானும் அப்படி நினைத்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் ஒவ்வொரு போதைப் பொருளின் கேட்டையும் படங்களுடன் ஒரு மணி நேரம் விளக்கினேன். இறுதியில் ஒரு மாணவன் எழுந்து, "இது எங்கே கிடைக்கும் சுவாமிஜி?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயம், வீழ்ச்சியின் முதற்படி நுகர்தல் என்று சொல்லவில்லை. விஷயத்தை மனம் திரும்பத் திரும்ப நினைப்பதே முதற்படி என்கிறது. அங்கிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை என்று சங்கிலி நீள்கிறது. நினைக்காதே என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் நினைக்க வைத்தேன். 1983-இல் லாஸ் ஏஞ்சலீஸ் காவல் துறையினர் பள்ளிகளில் தொடங்கிய 'டேர்' என்ற எச்சரிக்கைப் பாடமும், பின்னர் ஆராய்ந்தபோது, மாணவர்கள் போதையை நாடுவதைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்றே தெரியவந்தது.

எல்லாவற்றையும் தனிமனிதரின் மனவுறுதியின் தலையில் சுமத்துவதும் அநீதி. அதை அந்தமானைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் இல்லை. 1859 மே மாதத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து அம்பும் வில்லும் ஏந்திப் போரிட்ட அந்தமான் பழங்குடியினரின் நினைவு இந்த அபர்டீனுக்கு உரியது. போருக்குப் பின் அவர்களைப் 'பழக்குவதற்காக' 1863-இல் பாதிரியார் ஹென்றி கார்பின் அந்தமான் இல்லத்தைத் தொடங்கினார். அத்தகைய இல்லங்களின் வழியாகப் புகையிலை அவர்களிடையே வேரூன்றியது. அபினும் மதுவும் தொடர்ந்தன. நோய்களும் சேர்ந்து கொள்ள, ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1901-இல் 625 பேர். 1961-இல் 19 பேர். 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானில் கரை ஒதுங்கிய கலனில் இருந்த திரவத்தை மது என்று எண்ணி அருந்திய ஓங்கே இனத்தவர் எட்டுப் பேர் இறந்தனர். மொத்தமே நூறு பேர் அளவிலான இனம் அது. இவர்களுக்கு ஏன் புலனடக்கம் இல்லை என்று கேட்பவன் மனிதனாக மாட்டான். வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தது ஏன் என்று மாணவப் பருவத்தில் வியந்ததுண்டு. குடி என்பது ஒருவன் தன் வீட்டுக்குள் முடித்துக்கொள்ளும் விவகாரம் அன்று. அதைச் சூழ்ந்திருக்கும் நாடும் சமூகமும் அதற்குப் பொறுப்பு.

அப்படியானால் வழிபாட்டுக்கு இதில் என்ன இடம்? சபரிமலைக்கு மாலையிடுவோரைப் பாருங்கள். நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு மறுநாள் கடைக்குச் செல்பவரை வேடதாரி என்று ஏளனம் செய்கிறோம். நான் உடன்படவில்லை. அந்த நாட்களில் அவர் விடியலில் எழுகிறார், கூட்டாகப் பஜனை செய்கிறார், எல்லோரும் அவரைச் 'சாமி' என்கிறார்கள். மாலையைக் கழற்றும் நாளில் அவை அத்தனையும் ஒருசேரப் போய்விடுகின்றன. அவரை அதுவரை காத்தது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், அவர் மாலையிடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) பழக்கமே இல்லாத சிறுவனுக்கு அந்தச் சூழலை மண்டலக் கணக்கின்றி நாள்தோறும் கொடுக்க முடியும்: மாலையில் போக ஓரிடம், பெயர் சொல்லி அழைக்கப் பெரியவர் ஒருவர், தூக்க ஒரு காவடி. கடலில் எது மிதந்து வந்தாலும், அது அவனை வெறுமையானவனாகக் காணாது.

இவற்றையெல்லாம் அந்த அன்பரிடம் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சுவாமிஜி, சத்தியம்?" என்றார். அவரது சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் தெரிந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

உத்திர நாளன்று தந்தையும் மகனும் சேர்ந்தே கோவிலுக்கு வந்தனர். பையன்தான் முதலில் கேட்டான்: "எத்தனை நாளைக்கு சுவாமிஜி?"

"அடுத்த பங்குனி உத்திரம் வரை. அன்றைக்கு, மேலும் வேண்டுமா என்று நீயே முடிவு செய்து கொள்" என்றேன்.

ஆயுள் முழுவதற்கும் எதிர்பார்த்திருந்த தந்தையின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பையன் அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை நாள் அப்பா?" என்றான்.