புள்ளடி யாருக்கு?

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நமது பங்குகளில் ஒரு கேள்வி எழும். "சுவாமி, இந்த முறை ஆருக்குப் போடுறது?" என்று ஆலய முற்றத்திலேயே கேட்பவர்கள் உண்டு. கேள்வி நல்லதுதான். தம் வாக்குக்கும் தம் விசுவாசத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைப்பவரே அப்படிக் கேட்பார். ஆனால், அதற்கு மறுமொழியாகக் குருவானவர் ஒரு பெயரையோ சின்னத்தையோ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, குருக்கள் அரசியற் பதவி வகிப்பதையும் கட்சிகளில் தீவிர பங்கெடுப்பதையும் தடுக்கிறது. இதைக் குருக்களுக்கான ஒரு கட்டுப்பாடு என்று மட்டும் கொள்ளலாகாது. விசுவாசிகளின் சுதந்திரத்துக்கு இது ஒரு பாதுகாப்பு. ஒரே பீடத்தைச் சுற்றிப் பல கட்சியினர் நிற்கிறார்கள். ஒரே விசுவாசம் உடையவர்கள் நேர்மையான வெவ்வேறு அரசியல் முடிவுகளுக்கு வரக்கூடும் என்பதைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1971இல் வரைந்த தமது சமூக மடலில் தெளிவாக ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பே, 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வாக்களிப்பதை உரிமை என்றதோடு, பொதுநலனுக்காகச் செலுத்த வேண்டிய கடமை என்றும் கற்பித்தது. ஆகவே முடிவு செய்ய வேண்டியது வாக்காளரின் மனச்சாட்சி. ஆனால் மனச்சாட்சி என்பது மனம் போன போக்கு அன்று. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

நம்மிடையே நெடுங்காலமாக ஓர் அளவுகோல் வழங்கி வருகிறது. "அவர் எங்கட ஆள்" என்பதே அது. எங்கள் வேதம், எங்கள் ஊர், எங்கள் சாதி, நாங்கள் படித்த கல்லூரி. விகிதாசாரத் தேர்தல் முறையில் கட்சிக்கு ஒரு புள்ளடியும், அதன் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கும் இடுகிறோம். நூற்றுக்கணக்கான பெயர்கள் போட்டியில் நிற்கும்போது, "எங்கட ஆள்" என்ற குறுக்கு வழி மிக இலகுவாகத் தெரிகிறது. முதல் இரண்டு எண்கள் கட்சிக்காக, மூன்றாவது எண் நம்மவருக்காக என்று கணக்குப் போடுகிறவர்களும் உளர்.

இதைப்பற்றிச் சிந்திக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. காங்கேசன்துறைத் தொகுதியின் வரலாறே போதும். மாவிட்டபுரம், கீரிமலை போன்ற சைவத் திருத்தலங்களைத் தன்னகத்தே கொண்ட தொகுதி அது. வாக்காளரில் மிகப் பெரும்பாலானோர் சைவ மக்கள். அவர்கள் 1947இல் சா. ஜே. வே. செல்வநாயகம் என்னும் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1952இல் அவர் தோற்றார். வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனான சு. நடேசன். செல்வநாயகத்தின் சமயம் அவருக்கு எதிரான பிரசாரத்தில் ஒரு கருவியாயிற்று. எனினும் 1956இல் அதே மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தார்கள். 1960இல் இருமுறை நடந்த தேர்தல்களிலும், 1965இலும், 1970இலும் தெரிவு செய்தார்கள். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை எதிர்த்து அவர் பதவி துறந்தபின், 1975 பெப்ரவரி 6ஆம் திகதி நடந்த இடைத்தேர்தலிலும் அவரையே வெற்றிபெறச் செய்தார்கள். தம் சமயத்தைச் சேராத ஒருவரைத் தம் சமூகத்தின் குரலாக ஏற்க அந்தச் சைவ மக்களால் முடிந்தது. ஒரு கத்தோலிக்கர் வேட்பாளரின் பெயரைப் பார்த்து, அது வேதப் பெயரா என்று தேடுவாராயின், அந்த அயலவர் முன்னால் அவர் வெட்கப்பட வேண்டும்.

இதே வரலாறு நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தோடு அவர்களுடைய வாக்கும் போயிற்று. 1947இல் ஏழு பிரதிநிதிகளைத் தெரிந்த அந்த மக்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவர் ஆனார்கள். காங்கேசன்துறை வாக்காளருக்கு இதனால் நேரடி நட்டம் இல்லை. அச்சட்டங்களை எதிர்ப்பதால் செல்வநாயகத்துக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. இருந்தும் அவர் எதிர்த்தார். இங்கேதான் நாம் தேடும் அளவுகோல் கிடைக்கிறது. இந்த மனிதர் எனக்கு என்ன செய்வார் என்பதைவிட, தமக்கு வாக்களிக்க முடியாதவருக்கு, தமக்கு எந்தப் பலனும் தர இயலாதவருக்கு இவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும்.

இந்த அளவுகோல் எவரையும் விட்டுவைக்காது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி ஆலயத்துள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியபோது, அத்தொகுதியின் உறுப்பினரும் அவரது கட்சியும் போதிய உறுதி காட்டவில்லை என்ற குறை எழுந்தது. அக்குறையையும் எடைபோட வேண்டும். நமது ஆலயங்களிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வரலாறு உண்டாதலால், பிறரை மட்டும் நிறுக்க நமக்கு உரிமையில்லை.

பழைய ஏற்பாட்டில் மோயீசனுக்கு அவர் மாமனார் எத்ரோ சொன்ன ஆலோசனை இதற்கு ஒத்தது. திறமையும் தெய்வ பயமும் உண்மையும் உள்ளவர்களை, கைக்கூலியை வெறுப்பவர்களைத் தலைவராக்கும்படி அவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் இஸ்ராயேலர் அல்லர், மதியான் நாட்டுக் குரு என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல தலைவரின் இலக்கணத்தைக் கடவுளின் மக்கள் ஓர் அயலாரிடமிருந்தே கற்றார்கள்.

"அப்படியானால் திருச்சபையின் நலனைப் பார்க்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பர். பார்க்கலாம். 1960இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கர் பட்ட வேதனை சிறிதன்று. மதச் சுதந்திரத்தையும், பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியைத் தெரிவு செய்யும் உரிமையையும் பற்றி வேட்பாளரிடம் கேட்பது நியாயமே. ஆனால் ஆலயத்துக்கு மதில் கட்டித் தருபவர், பெருநாளுக்கு ஒலிபெருக்கி தருபவர் நல்லவர் என்று முடிவு செய்வது திருச்சபையின் நலனைப் பேணுவதாகாது. அது வாக்கை விற்பது. சாராயப் போத்தலுக்கு விற்பதற்கும் இதற்கும் விலையில்தான் வித்தியாசம். உத்தியோகம் எடுத்துத் தருவேன் என்ற வாக்குறுதிக்கு மயங்குவதும் அப்படியே. அந்த உத்தியோகம் தகுதியுள்ள இன்னொருவரின் பிள்ளைக்குரியது.

கரையோரப் பங்குகளில் உள்ளவர்களுக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. சிறுவலை வீசுபவரிடம் அதை ஒழிப்பேன் என்றும், இழுவைப் படகு வைத்திருப்பவரிடம் கண்டும் காணாமல் விடுவேன் என்றும் ஒரே வேட்பாளர் சொல்லுகிறாரா? இரண்டு துறைகளிலும் விசாரித்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தையைச் சொல்பவர், அது நமக்குக் கசந்தாலும், நம்பத்தக்கவர்.

இனி, எவருக்கும் போடாமல் வீட்டிலிருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை முதன்முதல் நடைமுறைக்கு வந்தபோது, முழுச் சுயாட்சி கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாடு தேர்தலைப் பகிஷ்கரித்தது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், பகிஷ்கரிப்பு அழைப்பின் நடுவே, யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. நாடளாவிய வெற்றி ஏறத்தாழ 180,000 வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது. அச்சத்தினால் வீட்டிலிருந்தவரிடம் குற்றம் காண முடியாது. ஆழ்ந்து சிந்தித்து எதிர்ப்பாக விலகியிருப்பவரின் மனச்சாட்சியையும் மதிக்க வேண்டும். ஆனால் சோம்பலினாலும் சலிப்பினாலும் விலகுபவர் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோத்தாம் சொன்ன கதையை வாசிக்கட்டும். மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக் கொடியும் தத்தம் வேலையைக் காரணங்காட்டி மறுத்தன. ஈற்றில் முட்செடி அரசாயிற்று. போட்டியிடத் தயங்கும் நல்லவருக்கும், வாக்களிக்கத் தயங்கும் நல்லவருக்கும் அக்கதை பொருந்தும். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2024இல் அவை 6 ஆயின. வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியாமல் விடுவதும் சிறிய காரியம் அன்று.

ஒருவரும் முழுமையாகத் தகுதியானவராகத் தோன்றாவிட்டால் என்ன செய்வது? நமது முன்னோர் கற்பித்த ஒழுக்கவியல் இதற்கும் வழி சொல்லுகிறது. பெரிய தீமையைத் தடுப்பதற்காகக் குறையுள்ள ஒருவரைத் தெரிந்தால், அவருடைய குறைக்கு நாம் உடன்பட்டதாகாது. ஆனால் அக்குறையை மறவாதிருந்து, அவர் பதவி ஏற்றபின் அதைப்பற்றிக் கேள்வி கேட்கும் கடமை நமக்கு உண்டு.

வாக்குச்சாவடியின் மறைவில் நம்மைச் சொந்தக்காரர் பார்ப்பதில்லை, கட்சிக்காரர் பார்ப்பதில்லை, பங்குக் குருவும் பார்ப்பதில்லை. அங்கே நிற்கும்போது, இடம்பெயர்ந்து இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவரையும், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயையும், வாக்களிக்க வயது வராத பிள்ளையையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். இவர்களுக்காக யார் பேசுவார், யார் ஏற்கெனவே பேசியிருக்கிறார் என்று மனச்சாட்சியைக் கேட்போம். அது காட்டுகிற பெயருக்கு நேரே புள்ளடி இடுவோம்.