அடியவர்க்கு மெய்யன் ஸந்நிதியில் நம் வாக்கு





நூற்றெட்டுத் திருப்பதிகளில் நடுநாட்டுக்கு உரியவை இரண்டே. அவற்றுள் ஒன்றான திருவஹீந்திரபுரத்தில் நிற்கும் தேவநாதனுக்குத் திருநாமங்கள் பலவுண்டு. ஆயினும் அடியார் நெஞ்சில் முதலில் நிற்பது 'அடியவர்க்கு மெய்யன்' என்பதே. ஸ்வாமி தேசிகன் இதனையே 'தாஸஸத்யன்' என்று வடமொழியில் அநுபவித்தார். அருகிலுள்ள ஔஷதகிரியில் வாக்குக்குத் தலைவனாகிய ஹயக்ரீவன். கீழே மெய், மேலே வாக்கு. இவ்விரண்டும் ஒரே ஊரில் அமைந்ததைத் தற்செயல் என்று சொல்ல அடியேனுக்கு மனம் வரவில்லை.

நம் பெரியோர்கள் சொல்லை எத்தனை ஜாக்கிரதையாகக் கையாண்டார்கள்! 'நான்' என வரவேண்டிய இடத்தில் 'அடியேன்'. பிறர் வீடு திருமாளிகை. தம் வீடு, மாடி கட்டியிருந்தாலும், குடிசை. ரஸம் சாத்தமுது, பாயஸம் திருக்கண்ணமுது. சமையலைத் தளிகை என்னும்போதே, அது பெருமாள் அமுது செய்வதற்கு, சேஷமே நமக்கு என்ற நினைவு வந்துவிடுகிறது. 'போகிறேன்' என்று சொல்லி எவரும் வாசற்படி தாண்டுவதில்லை. 'போய் வருகிறேன்' என்பார்கள். உள்ளிருந்து 'போய் வா' என்று குரல் வரும்.

இவையெல்லாம் வெறும் பேச்சு என்று நகைப்பவர் உண்டு. நாளொன்றுக்கு நூறு தடவை 'அடியேன்' என்று பழகிய நாக்கு, சண்டை மூளும்போது 'நான் யார் தெரியுமா?' என்று கேட்கச் சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தில் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன! ('அடியேன்' என்று குழைந்துவிட்டு, மடைப்பள்ளிப் பரிசாரகரை ஏகவசனத்தில் அதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு இங்கு வேண்டாம்.)

ஆனால் மங்களமாகப் பேசுவது வேறு. உண்மையை மூடிப் பேசுவது வேறு.

இங்கு ஸேவித்துவிட்டுத் தில்லைத் திருச்சித்திரகூடம் செல்லும் யாத்ரிகர்கள் கடலூர் முதுநகரைக் கடந்ததும் சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்பார்கள். குடிகாடு, பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு முதலிய ஊர்களை ஒட்டி இரசாயன ஆலைகள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனையோ பேர் வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு அங்கே வருகிறார்கள். 2021 மே 13 அன்று அங்குள்ள ஓர் ஆலையில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். அவர்களும் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டிருப்பார்கள். அச்சொல்லில் குறையில்லை. அது தாயத்து அன்று. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒரு விண்ணப்பம். அதனை மெய்யாக்கும் பொறுப்பு எம்பெருமானுக்கு மட்டுமா? கூட வேலை செய்பவர், மேற்பார்ப்பவர், ஆலையை நடத்துபவர் அனைவர்க்கும் உண்டு.

அந்த விபத்தைக் குறித்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நம் நாவில் மிகுதியாகப் புழங்கும் வார்த்தை 'ஒன்றும் ஆகாது' என்பது. காதுக்கு மங்களமாகவே இருக்கிறது. 'வால்வு கசிகிறது' என்று ஓர் இளைஞன் சொல்ல, 'ஒன்றும் ஆகாது, வேலையைப் பார்' என்று மூத்தவர் சொன்னால்? 'மார்பு வலிக்கிறது' என்னும் மனைவியிடம் கணவன் அதையே சொன்னால்? மங்களச் சொல் பொய்க்குப் போர்வையாகிவிடுகிறது.

திருவடியைப் பாருங்கள். இலங்கையிலிருந்து மீண்டவன், பிராட்டியைப் பார்த்ததையே முதலில் சொல்லிப் பெருமாளின் உயிரைக் குளிரச் செய்தான். அதற்காக மற்றதை விட்டானா? அவள் படும் துயரத்தையும், இன்னும் ஒரு மாதமே உயிர் தரிப்பேன் என்று அவள் சொன்னதையும் ஒன்று விடாமல் விண்ணப்பித்தான். விட்டிருந்தால் சேனை அத்தனை விரைவாகப் புறப்பட்டிருக்குமா?

குறையை எடுத்துச் சொல்பவனை 'அபசகுனம் பிடித்தவன்' என்கிறோமே, அது நாம் நிற்கும் நிலையால் வந்த பார்வை. சிதம்பரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி கூத்தபிரானையும், பள்ளிகொண்ட கோவிந்தராஜனையும் தரிசிக்கலாம். நகர வேண்டியதில்லை, முகத்தைத் திருப்பினால் போதும். 'கசிகிறது' என்றவனும் அப்படித்தான். இப்புறம் பார்த்தால் அபசகுனக்காரன். அப்புறம் திரும்பினால், நம் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பாடுபடுகிறவன்.

சித்திரகூடத்துக் கோவிந்தராஜன் திருமுன் நிற்கும்போது, அன்று காலை 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுச் சிப்காட் வாயிலுக்குள் நுழைந்தவர்களுக்காகவும் ஒரு க்ஷணம் பிரார்த்தியுங்கள். அவர்களில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருவனானால், இரவு அவன் வந்ததும் அங்கு எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். சோறு பரிமாறிக்கொண்டே கேட்கலாம்.