பொய் சொல்பவன் எப்படிப் பொய் சொல்கிறான்

ஒரு பையில் 10 கறுப்புப் பந்து, 5 வெள்ளைப் பந்து. கையை விட்டு ஒன்றை எடுத்து, நிறத்தைப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிடுகிறோம். அடுத்து எடுப்பது கறுப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? முதலில் போனது கறுப்பாகவும் இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். இரண்டு வழியையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால் 90-ம் 50-ம் சேர்ந்து 140, கீழே 210. மூன்றில் இரண்டு. முதல் பந்துக்கும் இதே மூன்றில் இரண்டுதான் இருந்தது. பையில் ஒரு பந்து குறைந்த பிறகும் எண் அசையவில்லை.

ஓரமாக வைத்த பந்தைத் திருப்பிப் பார்த்து, அது கறுப்பு என்று தெரிந்த கணத்தில் எண் 9/14 ஆகிவிடுகிறது. அந்தக் கணத்தில் பைக்குள் எதுவும் நடக்கவில்லை. மாறியது நமக்குத் தெரிந்தது மட்டும்தான். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் இந்த இடத்தில் பென்சிலை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருக்கத் தோன்றுகிறது.

*

அக்கா மகள் எங்களோடு பெங்களூரு அல்சூரில் தங்கி செகண்ட் பி.யூ., அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். கர்நாடகத்தில் பி.யூ. கணிதத்துக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். அதில் பேயஸ் தேற்றத்துக்குக் கீழே ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு தடவையில் மூன்று தடவை உண்மை பேசுகிறவன் ஒருவன் பகடையை உருட்டிவிட்டு, ஆறு விழுந்தது என்கிறான். உண்மையிலேயே ஆறு விழுந்திருக்க நிகழ்தகவு என்ன?

அவள் ரஃப் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கிளை கிளையாகக் கோடு போட்டாள். ஆறு விழுந்து உண்மை சொன்னது: ஆறில் ஒன்றை நான்கில் மூன்றால் பெருக்க, 3/24. ஆறு விழாமல் பொய் சொன்னது: ஆறில் ஐந்தை நான்கில் ஒன்றால் பெருக்க, 5/24. மூன்றும் ஐந்தும் எட்டு. விடை 3/8. புத்தகத்திலும் அதுதான். டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல் அந்த இரண்டாவது கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ரெண்டு விழுந்திருக்குன்னு வைங்க. பொய் சொல்லணும்னா மூணுன்னு சொல்லலாம், அஞ்சுன்னு சொல்லலாம். ஆறுன்னுதான் சொல்லணும்னு என்ன இருக்கு?”

கேட்டது சரி. விழாத ஐந்து எண்களில் ஏதோ ஒன்றை அவன் பாரபட்சமில்லாமல் சொல்கிறான் என்று வைத்தால், அந்த 5/24-ஐ மறுபடி ஐந்தால் வகுக்க வேண்டும். 1/24 ஆகிறது. இப்போது மூன்றும் ஒன்றும் நான்கு, விடை 3/4. அவன் உண்மை பேசும் அளவு எதுவோ அதுவே விடை. ஆறு முகத்துக்குப் பதில் இருபது முகப் பகடை கொடுத்தாலும், நூறு முகம் கொடுத்தாலும் 3/4 மாறாது. பகடையே கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறது.

அப்படியானால் 3/8 எந்த மனிதனுக்குரியது? ஆறு விழாமல் பொய் சொல்லும் போதெல்லாம் ஆறு என்று மட்டுமே சொல்கிறவனுக்கு. ஆறு விழுந்தால் அவனுக்கு ஆதாயம். இருவருமே நான்கில் ஒரு தடவைதான் பொய் சொல்கிறார்கள். ஆனால் ஆறில் கண் வைத்திருப்பவன் சொல்லுக்கு நாம் தர வேண்டிய நம்பிக்கை சரிபாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒருவன் எவ்வளவு பொய் சொல்வான் என்று தெரிந்தால் போதாது, எந்தப் பக்கம் சாய்த்துச் சொல்வான் என்றும் தெரிய வேண்டும். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது பழகிய விஷயம். புரோக்கர் நாலு தகவல் சொன்னால் மூன்று சரியாகவே இருக்கும். அந்தக் கணக்கை ‘காவேரித் தண்ணி டெய்லி வரும் சார்’ என்பதற்கு அப்படியே பொருத்த முடியாது.

அவள் விடைக்கு மேலே ஒரு வரி சேர்த்தாள்: பொய் சொன்னால் ஆறு என்றே சொல்வான் எனக் கொள்வோம். அந்த வரிக்குப் பரீட்சையில் தனி மார்க் கிடையாது. எனக்கு அதுதான் அந்தப் பக்கத்திலேயே மிக நல்ல வரி.

*

நளன் கதையிலும் பகடையும் எண்ணிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மகாபாரதத்தில் வருவது இது. வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருக்கும் நளனுக்கு அரசன் இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2095 காய்களும் இருப்பதாகச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி இறங்கிவிடுகிறான். எண்ணாமல் வரமாட்டேன் என்கிறான். தமயந்தியின் சுயம்வரத்துக்கு நேரமாகிறதே என்று தவிக்கும் அரசன் கடைசியில், கிளையின் ஒரு பகுதியை எண்ணினால் போதும், நான் சொன்னது விளங்கிவிடும் என்று இறங்கிவருகிறான். நளன் எண்ணுகிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையைத் தனக்குக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கிறான். அதைக் கற்ற பிறகுதான் அவனைப் பிடித்திருந்த கலி உடம்பை விட்டு வெளியேறுகிறான்.

பகடையில் நாட்டைத் தோற்றவன் மீண்டு வரும் வழி ஒரு மரத்தடியில், எண்ணிப் பார்க்கிறேன் என்ற பிடிவாதத்தில் தொடங்குகிறது. பழைய காலத்தில் சூதுக்கு உருட்டிய காய்களும் தான்றிக் காய்கள்தான்.

*

எண்ணிப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் இடம் இந்த ஊரிலும் உண்டு: மைசூரு ரோட்டில் எட்டாவது மைலில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெங்களூரு வளாகம். தாய்க்கழகம் 1931-இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் தொடங்கியது. அதன் பெரும் பெயர்களில் ஒருவரான சி.ஆர். ராவ் பிறந்தது இதே கர்நாடகத்தின் ஹடகலியில், 1920-இல். அப்போது அது சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டம். 2023-இல் 102 வயதில் மறைந்தார்.

இருபதுகளின் நடுவில் இருந்தபோது அவர் கல்கத்தாவில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக அமைய முடியும் என்று புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் கண்ட முடிவைச் சொல்லிக்கொடுத்தார். வி.எம். தண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சின்ன மாதிரிக்கும் இதை நிறுவ முடியாதா என்று கேட்டார். ராவ் வீட்டுக்குப் போய் அன்றிரவே நிறுவினார். 1945-இல் அச்சேறிய அந்த முடிவு கிராமர்–ராவ் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பக்கம் சாயாத மதிப்பீட்டை எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டினாலும், தரவுக்குள் இருக்கும் தகவல் அனுமதிக்கிற அளவுக்கு மேல் துல்லியம் கிடைக்காது என்று அது சொல்கிறது. வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு அன்றிரவே பதில் தேட வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் மனம் நிறைகிறது.

தண்டேகர் பிறகு நாட்டின் வறுமையை அளக்கப் போனார். நீலகண்ட ரத்துடன் சேர்ந்து 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2250 கலோரி கிடைக்க எவ்வளவு செலவாகும் என்பதைக் கோடாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பவர்களை எண்ணினார். அதற்குக் கைகொடுத்தவை 1950-இல் மகலனோபிஸ் தொடங்கிவைத்த தேசிய மாதிரி ஆய்வின் புள்ளிவிவரங்கள்.

*

தேசிய மாதிரி ஆய்விலும் ஒரு பெரிய பைக்குள் கையை விட்டுச் சில வீடுகளை எடுக்கிறார்கள். எடுத்த வீட்டுக்கு ஒருவர் நோட்டோடு போய், அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்கிறார். யாரும் பொய் சொல்ல வேண்டாம், நினைவே சாய்த்துச் சொல்லும். போன வாரம் எவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்குக் கூடுதலாக வருகிறது. போன மாதம் எவ்வளவு என்று கேட்டால் குறைகிறது. தொடக்க ஆண்டுகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்து, 30 நாள் கணக்கையே கேட்பது என்று வைத்துக்கொண்டார்கள். 1999–2000 சுற்றில் உணவுப் பொருள்களுக்கு இரண்டு கேள்வியையும் அதே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுத்துவிட்டதா, அதனால் ஏழைகளின் எண்ணிக்கை குறைந்ததுபோலத் தெரிகிறதா என்று பொருளாதார அறிஞர்கள் பல வருடம் வாதாடினார்கள். நாட்டில் எத்தனை கோடிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பது, திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் போன வாரமா போன மாதமா என்று கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது.