வைத்த உறுப்பை எடுக்கலாமா?

சில்லறைக் கடைக்காரனுக்கு வைத்தியப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். 8 மாதமாக என் வலது விலாவுக்குக் கீழே குடியிருக்கும் வலிதான் என்னை எழுத வைக்கிறது.

நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்ட இரவுகளில் அது வரும். அரை மணி, சில வேளை இரண்டு மணி. ஸ்கேன் எடுத்தார்கள்; கல் இல்லை. பிறகு நரம்பில் மருந்தேற்றி, பித்தப்பை எவ்வளவு சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளுகிறது என்று அளந்தார்கள். 35, 38 சதவீதத்துக்குக் கீழே போனால் மந்தம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. என்னுடையது 22. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கல்லிருந்து வலித்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். இது சோம்பிய உறுப்பு, செத்த உறுப்பல்லவே! கை சுணங்குகிறது என்பதற்காகப் பழைய சிப்பந்தியைக் கடையை விட்டு அனுப்புவதா? உம்மா ஒரே பேச்சில் முடித்தார்கள்: "ஆண்டவன் வைத்ததை நீ ஏன் வாப்பா எடுக்கணும்?" உடம்பு அமானிதம் என்று மதரஸாவில் ஓதிக் கொடுத்த உஸ்தாதும் நினைவுக்கு வந்தார்.

ஆனால் அமானிதத்தைக் காப்பது என்றால் என்ன? ஒருவர் நம்மை நம்பி ஒரு மூட்டை அரிசியை விட்டுப் போகிறார். ஒரு மூலையில் வண்டு விழுகிறது. எடை குறையக்கூடாது என்று வண்டரிசியையும் சேர்த்துக் கட்டி வைப்பவனா நம்பிக்கையானவன்? கெட்டதை அள்ளியெறிந்து மீதியைக் காப்பவனல்லவா! எடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு இதோடு தீர்ந்தது. வண்டு விழுந்தது அந்த மூலையில்தானா என்பதுதான் தீரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கிதான். கிட்டங்கி போனால் சரக்கு நேரே குடலுக்கு இறங்கும், மனிதன் வாழலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். அபூர்வமாகப் பித்தக்குழாயில் காயம் படும். வலியே இல்லாதவர்களுக்கும் இந்த எண் குறைவாக இருப்பதுண்டாம். பையை எடுத்த பின்னும் வலி நிற்காதவர்களும் உண்டாம். 1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்பவர் முதன்முதலில் பித்தப்பையை அறுத்தெடுத்தார். 1985இல் ஜெர்மனியிலேயே எரிக் மூஹே சிறு துளைகள் வழியாக எடுத்துக் காட்டினார். எடுப்பது இன்று சுலபம். சுலபமாக இருப்பதே எனக்குப் பயம்; மலிவாகக் கிடைக்கிறது என்று வேண்டாத சரக்கை வாங்கிப் போட்டவன் நான்.

ஆகவே 3 மாதம் தவணை கேட்டேன். கடன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வலியையும் பற்று எழுதினேன். மொத்தம் 14. அதில் 12 எண்ணெய், நெய் சாப்பாட்டுக்குப் பின். வாயு மாத்திரைக்கு ஒன்றுகூட அடங்கவில்லை. கொழுப்பைக் குறைத்த மாதத்திலும் 3 வந்தது. வலி பொய் சொல்லலாம். 14 முறையும் ஒரே பொய்யைச் சொல்லுமா? டாக்டரும் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

எடுத்துவிட ஒப்புக்கொண்டேன். அதன் பிறகும் வலி இருந்தால் டாக்டரைக் குறைகூறுவதில்லை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உம்மாவுக்கும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கல்லாவிலே யார் உட்காருவது?" என்று மட்டும் கேட்டார்கள்.